நிலத்தாமைக்கு எந்தத் தண்ணீர்த் தட்டு?

"பாலைவனத்து உயிர்தானே, தின்னும் தழையிலேயே வேண்டிய ஈரம் கிடைத்துவிடும், தனியாகத் தண்ணீர் எதற்கு?" நிலத்தாமை வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு இப்படி ஓர் அறிவுரை இன்னும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கேட்காதீர்கள். வட அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் வாழும் ஆமைகள் தரையில் ஆழமில்லாத குழிகளைத் தாமே தோண்டிக்கொள்கின்றன. மழை பெய்து அந்தக் குழிகளில் நீர் தேங்கியதும், முகத்தை அமிழ்த்தி நெடுநேரம் குடிக்கின்றன. குடித்த நீரைச் சிறுநீர்ப்பையில் சேமித்து வறண்ட மாதங்களைக் கடக்கின்றன. நிரம்பிய சிறுநீர்ப்பை உடல் எடையில் 40 சதவீதம் வரை இருக்கும். நீருக்காகக் குழி தோண்டும் ஓர் உயிரை நீர் தேவையில்லாத உயிர் என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

நாம் கூண்டில் வைக்கும் தட்டு அந்த மழைக்குழிக்கு மாற்று. அகலமாக இருக்க வேண்டும், ஆழம் கூடாது, தரைமட்டத்தில் இருக்க வேண்டும், ஆமை நடந்தே இறங்கி நடந்தே ஏறி வர வேண்டும். தட்டு எந்தப் பொருளால் ஆனது என்ற கேள்வி இவற்றுக்குப் பிறகுதான். கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பொருளையும் அழகையும் முதலில் பார்க்கிறார்கள். விளிம்பின் சரிவைக் கடைசியில் கூடப் பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரையில் நான் விளிம்பிலிருந்து தொடங்குகிறேன்.

ஆமை குடிக்கும் விதம்

ஆமைக்கு நாயைப் போல நாக்கால் நக்கிக் குடிக்கத் தெரியாது. தலையைத் தாழ்த்தி, வாயையும் பல நேரங்களில் மூக்குத் துளைகளையும் நீருக்குள் வைத்து, தொண்டையை அசைத்து உறிஞ்சுகிறது. தொண்டை ஏறி இறங்குவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். ஆகவே எலிக்கும் முயலுக்கும் மாட்டும் குழாய்ப் புட்டி ஆமைக்கு உதவாது. குறுகிய கிண்ணமும் அப்படித்தான். விளிம்பு உயர்ந்திருந்தால் ஆமை கழுத்தை மேலே தூக்கி, வளைத்து, பிறகு கீழே இறக்க வேண்டியிருக்கும். குட்டிகள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை. தாகத்தோடு சுற்றி வந்துவிட்டுப் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. ஆமைக்குத் தண்ணீர் என்பது குடிப்பதற்கு மட்டும் அல்ல. அது உள்ளே இறங்கி உட்காரும், ஊறும், அதிலேயே மலம் கழிக்கும், சிறுநீர் கழிக்கும். வளர்ப்பவருக்கு இது அலுப்பூட்டும் வேலையாக இருக்கலாம். ஆமைக்கு இது நன்மை. நிலத்தாமை தன் கழிவின் பெரும்பகுதியை யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது. வெள்ளைக் களிபோல வருவது அதுதான். உடலில் நீர் போதுமான அளவு இருந்தால் அது குழைவாக வரும். நீர் குறைந்தால் மணல்போல இறுகி, நாளடைவில் சிறுநீர்ப்பையில் கல்லாகவும் மாறலாம். புது நீர் கிடைக்கும் என்ற நிலையில்தான் ஆமை பழைய நீரைத் தாராளமாக வெளியேற்றுகிறது. எனவே முகத்தை மட்டும் நுழைக்கக்கூடிய கிண்ணத்தை விட, முழு உடலும் இறங்கக்கூடிய தட்டே எப்போதும் மேல்.

அளவும் ஆழமும்

தட்டின் உள்விட்டம் ஓட்டின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும்; இரண்டு மடங்கு இருந்தால் இன்னும் நல்லது. 12 சென்டிமீட்டர் ஆமைக்கு 18 முதல் 24 சென்டிமீட்டர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன ஆமை திரும்பி நின்று வெளியே வர இந்த இடம் வேண்டும். உண்மையில் மிகவும் ஆபத்தான அளவு எதுவென்றால், ஓட்டின் நீளத்துக்குச் சரியாகப் பொருந்தும் அளவுதான். அதில் ஆமை புரண்டால் கால்களுக்கு உந்த இடம் கிடைக்காது. சுவர்களுக்கு நடுவே சிக்கி, தலை நீருக்குள் தொங்கியபடி கிடக்கும். நிலத்தாமைக்கு நீந்தத் தெரியாது. ஒரு விரல் ஆழத் தண்ணீரில்கூடக் குட்டி மூழ்கிச் சாகும்.

நீரின் ஆழத்துக்கு எளிய அளவுகோல் ஆமையின் உடலிலேயே இருக்கிறது. நான்கு காலிலும் நிற்கும்போது, வயிற்றுப்புற ஓடும் முதுகுப்புற ஓடும் பக்கவாட்டில் இணையும் இடத்துக்கு மேலே நீர் ஏறக் கூடாது. தலையைச் சாதாரணமாக நீட்டினால் தாடை நீருக்கு மேலே இருக்க வேண்டும். முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த குட்டிக்கு அரை சென்டிமீட்டரே போதும், ஒன்றைத் தாண்ட வேண்டாம். 10 முதல் 12 சென்டிமீட்டர் வளர்ந்ததற்கு ஒன்றரை முதல் இரண்டு. 20 சென்டிமீட்டர் ஆமைக்கு மூன்று, நான்கு வரை போகலாம்.

எந்தத் தட்டையும் வாங்குவதற்கு முன் மனத்தில் மூன்று கேள்விகளை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். வயிற்றை இழுத்துக்கொண்டு நடக்கும் ஓர் உயிர் இந்த விளிம்பைத் தடுமாறாமல் தாண்டுமா? உள்ளே மல்லாந்து விழுந்தால், தலை தொங்கிய நிலையில் மூக்கு நீருக்கு வெளியே இருக்குமா? தினமும், களைத்து வந்த நாளிலும், இதைத் தூக்கிக் கொட்டிக் கழுவ எனக்கு மனம் வருமா? இரண்டாவது கேள்வியில் தோற்கும் தட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். மூன்றாவதில் தோற்கும் தட்டு மெல்ல மெல்ல அழுக்குக் குட்டையாக மாறும்.

பாறை போன்ற கடைக் கிண்ணங்கள்

செல்லப்பிராணிக் கடைகளில் ஊர்வனவற்றுக்கு என்று விற்கப்படும் ரெசின் (செயற்கைப் பிசின்) கிண்ணங்கள் பார்க்கப் பாறைபோலவே இருக்கும். பாம்புக்கும் சிலவகைப் பல்லிகளுக்கும் அவை பொருந்தலாம். ஆமைக்கு அவற்றில் பெரும்பாலானவை பொருந்துவதில்லை. வெளிப்புறம் உயரம், உட்புறம் செங்குத்து. படிக்கட்டு வைத்தவையும் உண்டு. ஆனால் அந்தப் படிகள் தட்டின் ஒரு மூலையில் மட்டும் இருக்கும், மற்ற மூன்று பக்கமும் சுவர்தான். ஆமை தான் இறங்கிய வழியை நினைவில் வைத்துத் திரும்பிப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. எதிரே தெரியும் சுவரில்தான் ஏறப் பார்க்கும். ஏறும் முயற்சியில்தான் பின்பக்கமாகப் புரளும்.

போதாததற்குப் பாறையின் மடிப்புகள். அழகுக்காகச் செதுக்கிய ஒவ்வொரு பிளவிலும் மலத் துணுக்கும் வழுக்குப் படலமும் ஒட்டிக்கொள்ளும். தூரிகை போகாத இடத்தில் கிருமி தங்கும். நன்கு தட்டையான, எல்லாப் பக்கமும் மெல்லச் சரியும் ரெசின் தட்டு கண்ணில் பட்டால் தாராளமாக வாங்குங்கள். எடை இருப்பதால் கவிழாது, கழுவவும் எளிது. அப்படி ஒன்று கிடைப்பது அரிது. "ஆமைக்கானது" என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

சுட்ட மண் தட்டு

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் சுட்ட மண் தட்டுதான் பெரும்பாலான வீடுகளுக்கு என் முதல் பரிந்துரை. அது வட்டமானது, ஆழமில்லாதது, பல அளவுகளில் கிடைப்பது, எடையுள்ளது. மெருகு பூசாத மண்ணின் சொரசொரப்பு நகத்துக்குப் பிடிப்புக் கொடுக்கிறது; ஈரத்தில் ஆமையின் கால் வழுக்குவதில்லை. வேறு எந்தப் பொருளிலும் இந்தப் பிடிப்பு இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டில் இரண்டரை சென்டிமீட்டர் நீர் நிரப்பினால் ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் பிடிக்கும். தட்டின் எடையோடு நீரின் எடையும் சேர்வதால் நடுத்தர ஆமையால் அதை எளிதில் புரட்ட முடியாது.

குறைகளும் இருக்கின்றன. மண் தட்டு நீரைக் குடிக்கும். புதிய தட்டை ஓர் இரவு நீரில் ஊறவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் காலையில் ஊற்றிய நீர் மாலையில் பாதியாக இறங்கியிருப்பதைப் பார்த்துக் குழம்புவீர்கள். அடிப்பக்கம் ஈரம் கசிவதால் கீழே இருக்கும் மண்ணோ நார்க்கழிவோ எப்போதும் ஈரமாக இருந்து பூசணம் பிடிக்கலாம். நுண்துளைகளில் பாசி ஏறும். உப்பு நீர் உள்ள இடங்களில் விளிம்பில் வெள்ளைப் படிவம் பூக்கும்; அதை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். ஈரம் ஆவியாகும்போது நீர் குளிர்ந்துகொண்டே இருக்கும். வெயில் காலத்தில் வெளியே வைப்பதற்கு இது நல்லது. குளிரான அறையில் வளரும் குட்டிக்கு அவ்வளவு நல்லதல்ல.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக நான் சொல்வது, ஒரே அளவில் மூன்று தட்டுகள். ஒன்றைத் தரைக்குள் நிரந்தரமாகப் புதைத்துவிடுங்கள்; இது உறை மட்டுமே, இதில் நீர் ஊற்ற வேண்டாம். இரண்டாவதை அதனுள் அமர்த்தி நீர் ஊற்றுங்கள். மூன்றாவது வெயிலில் காயட்டும். தினமும் உள்தட்டை மட்டும் எடுத்துக் கழுவிவிட்டு, காய்ந்ததை வைக்கலாம். புதைத்த குழி சரியாது, கழுவும்போது மண் உள்ளே விழாது, தட்டும் முழுவதும் உலர நேரம் கிடைக்கிறது. முழுவதும் உலர்ந்த மண் தட்டில் பாசியும் வழுக்கும் நிலைப்பதில்லை. உறைத் தட்டு மட்டும் பிளாஸ்டிக்காக இருந்தால் அடியில் கசியும் ஈரமும் நின்றுவிடும்.

பூந்தொட்டித் தட்டின் விளிம்பு சற்றுச் செங்குத்தாகத்தான் இருக்கும். வெளிப்புறத்தை மண்ணோடு மட்டமாக்கிவிட்டால் உள்ளே இறங்குவது பிரச்சினை இல்லை. வெளியே ஏற, உட்புறம் ஒரு தட்டையான கற்பலகைத் துண்டைச் சாய்த்து வையுங்கள். கல்லுக்கும் சுவருக்கும் இடையே கால் சிக்கும் இடைவெளி இருக்கக் கூடாது. கூழாங்கற்களைத் தட்டு முழுவதும் பரப்புவதை நான் ஆதரிக்கவில்லை. ஆமைகள் சிறு கற்களை விழுங்கும் பழக்கம் உள்ளவை. பரப்பிய கற்களுக்கு நடுவே அழுக்கும் மறைந்து நிற்கும். கல் வைத்தே ஆக வேண்டுமென்றால் ஆமையின் தலையை விடப் பெரியதாக, ஒன்றிரண்டு மட்டும் வையுங்கள்.

மற்ற பொருள்கள்

மெருகிட்ட பீங்கான் தட்டு கழுவுவதற்கு மண் தட்டை விட எளிது; நீரைக் குடிப்பதும் இல்லை. வழுக்குவதுதான் அதன் குறை. உணவுக்கென்று செய்த, சரிந்த விளிம்புள்ள தட்டாக இருந்து, நடுவில் ஒரு சொரசொரப்பான கற்பலகையும் இட்டால் குட்டிகளுக்குக்கூடப் பொருந்தும். அலங்காரப் பொருளாக வண்ணம் தீட்டிய பீங்கானைத் தவிர்க்கவும். சில மெருகுகளில் ஈயம் இருக்கலாம்.

கனமான கண்ணாடி பேக்கிங் தட்டுகளைப் பலர் பயன்படுத்துகிறார்கள். சுத்தமாக வைத்திருக்க இதைவிட நல்ல பொருள் இல்லை, விளிம்பும் பெரும்பாலும் வெளிநோக்கிச் சரிந்திருக்கும். உடைந்தால் வரும் ஆபத்து ஒருபுறம், வழுக்கல் மறுபுறம். பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் இடையே நான் பீங்கானையே எடுப்பேன்.

எவர்சில்வர் தட்டு கிருமிக்கு இடம் கொடுக்காது, ஆனால் எடை குறைவு. ஒரு காலை விளிம்பில் வைத்தாலே கவிழும். வெயிலில் சுடும். வேறு தட்டு வாங்கும்வரை ஓரிரு நாள் சமாளிக்கலாம், அவ்வளவுதான். துத்தநாகம் பூசிய இரும்புத் தட்டும் செம்பு, பித்தளைப் பாத்திரங்களும் வேண்டவே வேண்டாம். ஆமை சிறுநீர் கழிக்கும் நீர் நாள் முழுவதும் அந்த உலோகத்தோடு கிடக்கும். துத்தநாகமும் செம்பின் களிம்பும் அந்த நீரில் கரைந்து, ஆமையின் வயிற்றுக்குள் போகும். மரத்தட்டு ஊறிப் பூசணம் பிடிக்கும். அதைப் பற்றி மேலே பேச ஒன்றும் இல்லை.

பிளாஸ்டிக்கில் ஒரே ஒரு வடிவத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்: சுவருக்கு வண்ணம் பூசும் ரோலரை நனைக்கும் தட்டு. அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தரை சரிவாக இறங்கும். சரிவில் ரோலரை உருட்டுவதற்கான வரிகளும் இருக்கும். அந்த வரிகள் ஆமையின் நகத்துக்குப் படிகளாகிவிடுகின்றன. மழைக்குழிக்கு வடிவத்தில் மிக நெருங்கி வரும் விலை குறைந்த பொருள் இதுதான். கவனிக்க வேண்டியது, ஆழமான முனையை முழுவதும் நிரப்பக் கூடாது என்பது. நீர் ஆழமான பக்கத்திலும் தாடை மட்டத்தைத் தாண்டாதபடி ஊற்றினால், சரிவின் பாதிவரைதான் நனையும், அதுவே சரி. எடை இல்லாததால் மண்ணுக்குள் புதைத்தே வைக்க வேண்டும். வெயிலில் நாள்பட்டால் நொறுங்கும். உட்புறம் கீறல் விழுந்தால் கீறலுக்குள் அழுக்கு உட்காரும், அப்போது மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே வண்ணத்துக்குப் பயன்படுத்திய தட்டைக் கழுவிக் கொடுக்கக் கூடாது, புதியது மட்டுமே.

தானாக நீர் நிரம்பும் கொள்கலன்கள் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஆசை காட்டும். ஆமை அந்த நீரில் ஒருமுறை கழித்துவிட்டால், நிரம்பிக்கொண்டே இருக்கும் நல்ல நீரும் அந்த அழுக்கோடுதான் கலக்கும். வெளியே பெரிய தொட்டியில், வழிந்தோட வசதி செய்து, மிதவை வால்வு பொருத்துவது வேறு விஷயம். கூண்டுக்குள் அது வேண்டாம். தினமும் வந்து மாற்ற ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.

நாமே செய்வதென்றால்

கூண்டுக்குள் வாழும் சிறிய ஆமைக்குத் தட்டு செய்வது தேவையற்ற உழைப்பு. காற்றில் காயும் களிமண்ணில் செய்து வார்னிஷ் பூசுவது என்ற யோசனை சிலருக்கு வரும். அது நீரில் இளகிவிடும், பூச்சு உரியும், உரிந்ததை ஆமை தின்னும். செய்யத் தகுந்த இடம், தோட்டத்தில் உலவும் பெரிய ஆமைக்கு. சுல்காட்டா என்ற ஆப்பிரிக்க முள்தொடை ஆமை 40 கிலோவைத் தாண்டி வளரும். அதற்கு எந்தப் பூந்தொட்டித் தட்டும் போதாது. பிளாஸ்டிக்கை மிதித்தே உடைத்துவிடும். அப்போது சிமென்ட் குழிவே சரியான தீர்வு, கடையில் கிடைக்கும் எதையும் விட நல்லது என்றே சொல்வேன்.

முறை கடினமானதல்ல. விளிம்பு முதல் விளிம்பு வரை ஆமையின் ஓட்டைப் போல ஒன்றரை மடங்கு, நடுவில் ஆழம் மிகக் குறைவு. 60 சென்டிமீட்டர் விட்டத்துக்கு நடுவில் 6 சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்தால், சராசரியாக ஒவ்வொரு ஐந்து சென்டிமீட்டர் தூரத்துக்கும் ஒரு சென்டிமீட்டர் இறக்கம். எந்த ஆமையும் இதைச் சிரமம் இல்லாமல் ஏறும். நிரப்பினால் எட்டரை லிட்டர் அளவுக்கு நீர் பிடிக்கும். மண்ணை அந்த வடிவத்தில், சிமென்டின் கனத்துக்காக மேலும் ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாகத் தோண்டி, நன்றாகத் திமிசு போட்டு இறுக்குங்கள். ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு சலித்த மணல். பாதிக் கனம் பூசியதும் கோழி வலையை விரித்து மீதியைப் பூசுங்கள். வலை இருந்தால் பிற்காலத்தில் எளிதில் விரிசல் விடாது. கரணையால் வழவழப்பாக இழைத்துவிட வேண்டாம். கொத்தனாருக்கு அழகாகப் படும் வழவழப்பு ஆமையின் காலுக்கு எதிரி. இறுகத் தொடங்கும் நேரத்தில் துடைப்பத்தால் மெல்ல இழுத்து வரிகள் போட்டுவிடுங்கள். ஆனால் ஆமையின் வயிற்றுப்புற ஓட்டை அறுக்கும் அளவுக்குக் கூர்மை கூடாது.

வடிகால் துளையை மறக்காதீர்கள். இந்தக் குழிவு ஏறக்குறைய 30 கிலோ எடையுள்ளதாக, மண்ணில் பதிந்து இருக்கும். தூக்கிக் கொட்ட முடியாது. மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு குழாயும் அடைப்பானும் வைத்து, வெளியே தாழ்வான பக்கம் நீர் போக வழி செய்தால், அடைப்பானை எடுத்துத் துடைப்பத்தால் தேய்த்து அலசுவது சில நிமிட வேலை. வடிகால் இல்லாத சிமென்ட் குழிவுகள் எப்படிப் பச்சைக் குட்டையாக மாறுகின்றன என்பதைப் பார்த்த பிறகு, அது இல்லாமல் செய்ய யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அவசரப்படக் கூடாத இடம் இனிமேல்தான் வருகிறது. புதிய சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசியும். அதில் தேங்கும் நீரின் பிஹெச் (அமில-கார அளவு) 12 வரை போகும். அது கண்ணையும் வாயையும் பொசுக்கும் காரம். முதல் ஒரு வாரம் ஈரச் சாக்கால் மூடி வைத்து இறுக விடுங்கள். மொத்தம் 28 நாள் கழிந்த பிறகு, நீர் நிரப்பிச் சில நாள் விட்டுக் கொட்டுவதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இடையில் ஒருமுறை வினிகர் கலந்த நீரால் தேய்த்துக் கழுவலாம். மீன்தொட்டிக்குப் பயன்படும் பிஹெச் தாளால் சோதித்து, குழிவில் ஒரு நாள் நின்ற நீரும் சாதாரணக் குழாய் நீரும் ஒரே அளவைக் காட்டும்வரை ஆமையை அருகில் விட வேண்டாம்.

எந்த ஆமைக்கு எது

குட்டிகளுக்கு: மிகத் தட்டையான மண் தட்டு அல்லது சரிந்த பீங்கான் தட்டு, அரை சென்டிமீட்டர் நீர். இதோடு தனியே ஊறவைக்கும் பழக்கமும் வேண்டும். ஊறவைப்பதற்குச் செங்குத்துச் சுவருள்ள சிறு தொட்டியே நல்லது. நீங்கள் அருகில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், ஆமை வெளியே ஏறிவிடவும் கூடாது. வெதுவெதுப்பான நீரில் 15, 20 நிமிடம் போதும். கூண்டில் இருக்கும் தட்டுக்கும் ஊறவைக்கும் தொட்டிக்கும் வேலை வேறு வேறு. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் முடிக்கப் பார்ப்பவர்கள்தான் கூண்டுக்குள் ஆழமான கிண்ணத்தை வைத்துவிடுகிறார்கள்.

குட்டிகளின் விஷயத்தில் தட்டு காற்றின் ஈரத்துக்கும் உதவுகிறது. சுல்காட்டா குட்டிகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003இல் வெளியானது. ஓடு கூம்பு கூம்பாகப் புடைத்து வளர்வதில் புரதத்தை விட வறண்ட காற்றுக்கே பெரிய பங்கு என்று அது கண்டது. ஆகவே அகலமான நீர்ப்பரப்பு குட்டிகளுக்கு இரட்டை நன்மை.

கிரேக்க ஆமை, ஹெர்மன் ஆமை போன்ற நடுத்தர வகைகளுக்கு மூன்று மண் தட்டு முறையைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. மத்திய ஆசியப் புல்வெளியிலிருந்து வரும் ஹார்ஸ்ஃபீல்டு ஆமைக்கும் அதுவே. ஆனால் அது எதையும் தோண்டிப் புரட்டும் குணம் உள்ளது. சுற்றிலும் கற்பலகை பதித்துத் தட்டை அசையாமல் செய்யுங்கள். சிந்திய நீர் தேங்கி, கூண்டின் தரை குளிர்ந்த சேறாகக் கிடக்க விடாதீர்கள். அதன் சுவாசத்துக்கு அது ஆகாது. தென் அமெரிக்கக் காட்டு ஈரத்தில் வாழும் செங்கால் ஆமை நீரில் மணிக்கணக்கில் கிடக்க விரும்பும். அதற்குப் பெயின்ட் ரோலர் தட்டோ, அதைவிடப் பெரிய ஆழமற்ற தட்டோ கொடுக்கலாம். சுல்காட்டா, சிறுத்தை ஆமை போன்ற பெரியவை வளர்ந்த பிறகு சிமென்ட் குழிவுக்கு மாறுங்கள். இடம் மாறும் வாய்ப்பு இருந்தால், கால்நடைகளுக்குத் தீவனம் வைக்கும் தடித்த ரப்பர் தட்டு அடுத்த நல்ல தேர்வு. உடையாது, வழுக்காது, தூக்கிக் கழுவலாம்.

பதிப்பதும் கழுவுவதும்

வெப்ப விளக்குக்கு நேர் கீழே தட்டை வைக்காதீர்கள். நீர் சூடாகி, விரைவில் கெட்டு, ஆவியாகும். மிகக் குளிரான மூலையில் வைத்தால் ஆமை அதை நாடாது. இரண்டுக்கும் நடுவே, உணவு வைக்கும் இடத்திலிருந்து விலகி, அது வழக்கமாக நடக்கும் ஓரப் பாதையில் வையுங்கள். தட்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கற்பலகை பதித்தால், காலில் ஒட்டிய மண் அங்கேயே உதிரும்; நீரில் விழும் குப்பை வெகுவாகக் குறையும். இது சிறிய வேலை, பலன் பெரிது.

நீரைத் தினமும் மாற்ற வேண்டும். அதற்கு முன்பே அசுத்தமானால் அப்போதே. வெளியே வைத்த தட்டில் கொசு முட்டையிட்டாலும், தினமும் கொட்டினால் புழு கொசுவாகும் வரை போகாது. வாரம் ஒருமுறை பிளீச் திரவத்தை நன்றாக நீர்க்கச் செய்து, ஒரு பங்குக்கு முப்பது பங்கு நீர் என்ற அளவில், பத்து நிமிடம் ஊறவைத்துப் பலமுறை அலசி, வாசனை போகும்வரை வெயிலில் உலர்த்தலாம். மண் தட்டு அதை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அதற்குக் கொதிநீரும் வெயிலுமே நல்லது. உப்புப் படிவத்துக்கு வினிகர் போட்ட அதே நாளில் பிளீச் தொடாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும், மூச்சுக்கு ஆபத்து.

தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்; தூரிகையும் தனியாக இருக்கட்டும். ஆரோக்கியமான ஆமையின் மலத்திலும் சால்மொனெல்லா என்ற குடல்நோய்க் கிருமி இருக்கக்கூடும். 1975இல் அமெரிக்கா, ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதைத் தடை செய்ததற்குக் குழந்தைகளிடம் பரவிய இந்த நோயே காரணம். கழுவிய பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகள் அந்த நீரில் விளையாட விடாதீர்கள். வெவ்வேறு இன ஆமைகள் ஒரே தட்டில் குடிக்கவும் கூடாது. ஓர் இனத்தில் அடங்கிக் கிடக்கும் குடல் ஒட்டுண்ணி இன்னோர் இனத்துக்குக் கடும் நோயாகலாம்.

தட்டு பொருந்தியிருக்கிறதா என்பதை ஆமை குடிப்பதைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நீங்கள் பார்க்காத நேரத்தில் அது குடித்திருக்கலாம். வெள்ளைக் கழிவைப் பாருங்கள். அது குழைவாக வந்தால் நீர் போதுமானதாக இருக்கிறது. விரல்களுக்கிடையே நறநறவென்று இருந்தால், விளிம்பையும் இடத்தையும் மறுபடி சரிபார்த்து, ஊறவைப்பதை அதிகப்படுத்துங்கள். அதன் பிறகும் சில நாள்களில் மாறாவிட்டாலோ, ஆமை கழிக்கும்போது முக்கித் திணறினாலோ, பின்னங்கால்களை இழுத்து நடந்தாலோ, தட்டை மாற்றிப் பயன் இல்லை. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், சிறுநீர்ப்பையில் கல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.